குரல் போதும்

டிசைன் அக்கா வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. நாள்காட்டி மாட்ட அடித்தது. ஆனால் அதில் நாள்காட்டி தொங்கி நான் பார்த்ததில்லை. இன்டர்நெட் வருகிற நீல நிறக் கேபிள்தான் சுருட்டித் தொங்கும். நெட் வேண்டுமென்றால் அதை எடுத்துச் சொருகுவார். வேலை முடிந்ததும் பிடுங்கி, சுருட்டி, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். "கொழாய மூடியாச்சி" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அவர் முறைப்பார்.

தெருவே அவரை டிசைன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. பட்டுப் புடவையின் பார்டரும் முந்தியும் எப்படி வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தருவதுதான் அவர் வேலை. அவர் வரைந்ததை வைத்து அட்டையில் துளை போடுவார்கள், அட்டை அடிப்பது என்று அதற்குப் பேர். அந்த அட்டையைத் தறியில் ஏற்றினால் மயிலோ மாங்காயோ அப்படியே துணியில் விழும். கணவர் இல்லை, ஒரே மகள். ஆரணியிலும் சேவூரிலும் முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் அங்கே நாலு பேராவது அக்கா வரைந்ததைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரியின் முந்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அப்போது ஊரில் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். கேபிள் இழுப்பது, பில் கொடுப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். அந்த நாளில் நெட்டுக்கு அளவு உண்டு. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. அதைத் தாண்டினால், தாண்டியதற்கெல்லாம் தனியாகப் பில் வரும். அக்கா இணைப்பு வாங்கிய முதல் மாதமே பில் எகிறிவிட்டது. பூப்போட்ட துணிப்பையில் பில்லை வைத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நான் பாக்காத படத்துக்கு நான் எதுக்குபா டிக்கெட் வாங்கணும்?"

அவர் ஒரு படமும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். கம்ப்யூட்டர் தன்னால் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தது. அதை விளக்கினேன்.

"என் வூட்டுக்குள்ள என்னக் கேக்காம எறங்கிகினு இருக்குதா? இன்னா அநியாயம்பா இது. வந்து நிறுத்து" என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். விண்டோஸ் அப்டேட்டை அணைத்தேன். வைரஸைத் தடுக்கிற மென்பொருளும் தினமும் கொஞ்சம் இறக்கிக்கொண்டிருந்தது. அதையும் அணைத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் 'அப்டேட் என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் என் போன் நம்பரைப் போட்டு, மானிட்டரின் நெற்றியில் ஒட்டினேன். புதிதாகக் கிளம்புகிற வைரஸ்களை அடையாளம் காட்டுவது அந்த அப்டேட்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். ஆரணியில் ஒரு புடவை டிசைன் போடுகிறவரின் கம்ப்யூட்டரை எவன் மெனக்கெட்டு வந்து கெடுக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பில் பாதியாகிவிட்டது. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். எல்லா வீட்டிலும் அதையே செய்தேன், எல்லா மானிட்டரிலும் தாள் ஒட்டினேன். 'பில்லு கொறைக்கிற தம்பி' என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

அக்கா அதோடு நிற்கவில்லை. நெட்டைச் சொருகுவதற்கு முன்னால் புடவைப் பெட்டி அட்டையைக் கிழித்து, இன்றைக்கு நெட்டில் என்னென்ன வேலை என்று எழுதி வைத்துக்கொள்வார். மகளுக்கு மெயில், ஜரிகை விலை, சிதம்பரத்துக்கு எத்தனை மணிக்கு ரயில், தாழம்பூ படம் ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் கேபிளில் கை வைப்பார். ஐந்தாறு பக்கத்தை வரிசையாகத் திறந்துவிட்டு, எல்லாம் வந்து நின்றதும் கேபிளைப் பிடுங்கிவிடுவார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார். நடுவில் வேறு எதையாவது அழுத்த வேண்டியிருந்தால், "அது நாளிக்கி" என்று அட்டையில் எழுதிக்கொள்வார். அவருடைய ஒரு நாள் நெட் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான்.

வரைந்த டிசைனை மெயிலில் அனுப்பவும் மாட்டார். "நூலு பஸ்ல வருது, டிசைனும் பஸ்லயே போவட்டும்" என்பார். எல்லாம் பென்டிரைவ்தான். ஒவ்வொரு முதலாளியின் பென்டிரைவிலும் ஒரு நிறப் பட்டு நூல் கட்டியிருக்கும். சிவப்பு நூல் சேவூர்க்காரருடையது, பச்சை நூல் பஜார் தெருக்காரருடையது. காலி மாத்திரை டப்பாவில் அவற்றைப் போட்டு ஆட்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், கொண்டுவருவார்கள். அக்கா வீட்டிலிருந்து அட்டை அடிக்கிற கடைக்கு, அங்கிருந்து முதலாளி வீட்டுக்கு, மறுபடி அக்காவிடம் என்று அது ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். யார் வீட்டு மிஷினில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகிக் கனடா போன பிறகு, அவள்தான் எனக்குப் போன் செய்து, "அண்ணா, அம்மாவோட டிசைனெல்லாம் நெட்லயே ஒரு காப்பி ஏறி இருக்கற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றாள். செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் அக்கா கூப்பிட்டார்.

"ஏத்தினாலும் மீட்டரு, எறக்கினாலும் மீட்டரு. இது இன்னா பேஜாரா கீது தம்பி. நிறுத்திடு."

நிறுத்தினேன். மறுபேச்சு பேசவில்லை. பில் குறைக்கிற தம்பி எப்படிப் பேசுவான்?

மகளோடு பேசுவதிலும் அதே கறார்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் பேசுவார்கள். கேமரா நான் வாங்கிக் கொடுத்தது, புதுசு. அதன் மேல் ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார். வீடியோ போட்டால் அளவு மளமளவென்று இறங்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு முறை அந்தப் பக்கம் மகள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது நான் அங்கே இருந்தேன்.

"ஒரே ஒரு நிமிஷம்மா. மூஞ்சியக் காட்டு."

"உன் மூஞ்சி என் ஞாபகத்துல கீதுடி. கொரல் போதும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பார்த்தாயா எப்படி மிச்சம் பிடிக்கிறேன் என்பதைப்போல. நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து அளவு பார்க்காத திட்டம் வந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கலாம், பில் ஒரே பில்தான். எல்லோருக்கும் போன் செய்து மாற்றிக் கொடுத்தேன். அக்காவுக்கும் செய்தேன்.

"அளவே இல்லாம எவன்பா குடுப்பான்? கல்யாண வூட்டுலகூட ரெண்டாவது வாட்டி பாயசம் கேட்டா மொறைக்கிறான்" என்றார். திட்டம் மாறியது, கேபிள் ஆணியிலேயே தொங்கியது.

அப்போது நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. இனிமேல் அளவு இல்லை என்றால், அணைத்து வைத்த அப்டேட்டையெல்லாம் போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு அரைமணி நேர வேலை. அது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் நான் அப்போதுதான் அந்த ஆபீசை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருந்தேன். திறப்பு விழா, போர்டு, கடன் கொடுத்த மாமாவுக்கு மரியாதை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அணைக்கக் கூப்பிட்டவர்கள் யாரும் போடக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தார். மவுஸ் ஒன்று வேண்டும் என்றார். பேச்சு மகளைப் பற்றிப் போனது. "அக்கா, இப்பத்தான் மீட்டர் இல்லயே. வீடியோல பாருங்களேன், ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரு பைசா ஏறாது" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

"நெசமாவா?"

"என் பொறுப்புக்கா."

அடுத்த திங்கட்கிழமை அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "தம்பி, தீப்பெட்டிய எடுத்துட்டேன்பா. கண்ணெதிர்ல நிக்கிற மாதிரி கீறா. சமையக்கட்டு, ஜன்னலு, வெளில பனி, எல்லாத்தயும் தூக்கிகினு போயிக் காட்டுறா. ஒரு மணி நேரம் ஆனதே தெரில. இனிமே வாரா வாரம் இப்படித்தான்" என்றார்.

புதன்கிழமை மறுபடி போன் வந்தது.

"தம்பி, எல்லா டிசைனுக்கும் பேரு மாறிப்பூட்சி. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதி நிக்குது. ஜல்தி வாபா."

போய்ப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ். பன்னிரண்டு வருஷத்து டிசைன்கள், ஒன்றுவிடாமல். ஆவணி முகூர்த்தத்துக்கு வரைந்து கொண்டிருந்ததும் அதில்தான். காப்பிக்கென்று வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் எப்போதும் சொருகியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. திறக்க வழியில்லை என்று தெரிந்தும் இரண்டு மணி நேரம் எதையெதையோ செய்துகொண்டிருந்தேன். அக்கா பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது. பச்சை நூல் கட்டிய பென்டிரைவ் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. அதில் இருந்தது. அட்டை அடிக்கிற கடைக்குப் போன் செய்து கேட்டேன். அதே பென்டிரைவ் அங்கேயும் முந்தின நாள் போயிருக்கிறது. "ஆமா, சிவப்பா ஒரு எச்சரிக்கை காட்டி அதுவே தடுத்துடுச்சே, ஏன் கேக்கறீங்க?" என்றார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுடையதில் மூன்று வருஷமாக ஓடவில்லை. மானிட்டரின் நெற்றியில் என் கையெழுத்து ஒட்டியிருந்தது.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் கேபிள புடுங்கித்தானபா வெச்சிருந்தேன். எப்பவும் புடுங்கித்தான் வெப்பேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளு, ஒரே ஒரு மணி நேரம் சொருகி வுட்டுட்டேன். அந்த வீடியோல பூந்துதா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்து, அப்புறம் எப்படி வந்தது என்று கேட்பார். பென்டிரைவில் வந்தது என்பேன். அட்டைக் கடையிலும் போட்டார்களே, அங்கே ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பார். அக்கா அப்படிக் கேட்கக் கூடியவர்தான். அதற்குப் பதில் அந்தத் தாளில் இருந்தது. அதேபோன்ற தாள் தெருவில் இன்னும் பதினாறு வீட்டில் இருந்தது. கடை போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"இருக்கலாங்க்கா" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். தீப்பெட்டியைத் தேடி எடுத்துக் கேமராவின் மேல் கவிழ்த்தார். கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அன்று கையைத் தட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே பதினாறு வீட்டுக்கும் போய், 'சும்மா ஒரு செக்கப்' என்று சொல்லி எல்லா அப்டேட்டையும் போட்டேன். எல்லாத் தாளையும் கிழித்தேன். அக்காவின் மிஷினைத் துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. "இவ்ளோ செய்றியே தம்பி, உனக்கு நான் இன்னா செய்யப்போறேன்" என்று கண் கலங்கினார். அந்தக் கலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா உடைந்து உட்காரவில்லை. பீரோவில் இருக்கும் புடவைகளைக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கினார். கல்யாணப் புடவை, சீமந்தப் புடவை, மாமியார் வைத்துக் கொடுத்தது என்று பெண்கள் பாச்சை உருண்டை வாசனையோடு எடுத்துக் கொடுத்தார்கள். பார்டரை விரித்து லென்ஸை வைத்து இழை இழையாக எண்ணி, தான் வரைந்ததைத் தானே பார்த்து மறுபடி வரைந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அநேகமாக எல்லாம் திரும்பி வந்தது. அதனால்தான் ஊரில் எல்லோரும் அந்தச் சம்பவத்தை, எல்லாம் நல்லபடியாக முடிந்த கதையாகச் சொல்லுகிறார்கள்.

திரும்பி வராதது ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குப் பிறகு அக்கா வீடியோவில் உட்காரவே இல்லை. மகள் மெயிலில் அனுப்புகிற போட்டோவையும் திறக்காமல் அழித்தார். படத்தோடு ஒட்டிக்கொண்டு வைரஸ் வருமாம், பேப்பரில் படித்தாராம். பட்டன் போனிலேயே பேசினார். ஊரெல்லாம் ஆளுக்கொரு பெரிய போனை வைத்து நாள் முழுக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

மகள் என்னிடம் வாட்ஸாப்பில் பேசினாள். "அண்ணா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. வீடியோனால ஒண்ணும் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." சொல்கிறேன் என்றேன். அக்கா வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை உள்ளேயும் போய், காபி குடித்துவிட்டு, கீபோர்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நடுவில் ஊரடங்கு வந்து விமானமெல்லாம் நின்றது. மகளால் வர முடியவில்லை. அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

அக்கா இப்போது இல்லை. மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள், போன வருஷம் அங்கேயே போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வது? அவர் சிரித்தது, முறைத்தது, கண்ணடித்தது எல்லாம் ஞாபகம் வருகிறது. ஆனால் எதை நினைக்க ஆரம்பித்தாலும் மகளை அழைத்துவரக் காட்பாடிக்குப் போன அந்தக் காலையில்தான் போய் நிற்கிறது.

பெங்களூரில் இறங்கி ரயிலில் வருகிறாள் என்று, அக்கா டாக்சி வைத்து என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். வண்டி வந்து நின்றதும் கூட்டம் இறங்கியது. அக்கா நுனிக்காலில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். எனக்கு அவளை உடனே தெரிந்தது. அவளோடு வாட்ஸாப்பில் பேசுகிறவன், அந்தச் சின்ன வட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். கழுத்துவரை வெட்டிய முடி, கண்ணாடி, ஒட்டிப்போன கன்னம், கழுத்தில் ஒரு துப்பட்டா. பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றாள். அக்கா அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் வழி வுடும்மா, என் பொண்ணு எறங்குவா."

"அம்மா" என்றாள் அவள்.

குரலைக் கேட்டதும் அக்காவின் தலை திரும்பியது. முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீயாடி? நீயாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

காரில் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் மகளின் துப்பட்டாவை விலக்கிய அக்கா கேட்பது காதில் விழுந்தது.

"கழுத்துல இன்னாடி தழும்பு?"

"தைராய்டு ஆபரேஷன்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. அதுல முடியெல்லாம் கொட்டிப்போயி, அப்பறம் வெட்டிட்டேன்."

"சொல்லவே இல்லயேடி."

"நீ மூஞ்சியப் பாத்திருந்தா மறைச்சிருக்க முடியாது. கொரல்ல மறைக்க முடிஞ்சுது, மறைச்சிட்டேன்."

கண்ணமங்கலம் வந்தது. கடைத்தெருவில் வேலூர் பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றியது, கார் நின்றது. மகள் அழுதுகொண்டே, "வாரத்துக்கு ஒரு தடவை பாத்துக்கறதுல அப்படி என்னம்மா வந்துடப் போவுது?" என்றாள்.

அக்கா மகளிடம் பேசிக்கொண்டே முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினார். "உன் மூஞ்சியப் பாக்க ஆசப்பட்டு ஒரு நாளு கேபிளப் புடுங்காம வுட்டேன், பன்னெண்டு வருச வேல பூட்சிடி. தம்பியக் கேளு, அவருக்குத் தெரியும். நீயே சொல்லு தம்பி, அந்த வீடியோலதான வந்துது?"

டிரைவரின் கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமாங்க்கா" என்றேன்.

"கேட்டியா? நான் இன்னா சும்மாவா சொன்னேன்" என்றார் அக்கா மகளிடம்.